பியரில்லாப் பியர் நடை

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் அரிச்சுவடியே ஒரு கோப்பைப் பியரிலிருந்துதான் தொடங்குகிறது என்றால், இலக்கிய அன்பர்களில் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். ஆங்கிலத்தில் விடுதலைக்கும் விலையின்மைக்கும் ஒரே சொல். ஆகவே 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன், தாம் கேட்பது பேச்சுரிமை போன்ற விடுதலையே தவிர ஓசிப் பியர் போன்ற விலையின்மை அன்று என்று மேடைதோறும் விளக்க வேண்டியதாயிற்று. மென்பொருளைக் காசுக்கு விற்கலாம். ஆனால் வாங்கியவர் அதன் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்குக் கொடுக்கவும் உரிமை பெற்றிருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. தொலைக்காட்சிப் பெட்டியும் மின்விசிறியும் வாங்கிப் பழகிய நமக்கு முதற்சொல்லைப் பாடம் நடத்தத் தேவையில்லை; இரண்டாவது சொல்லோ விலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று முதலில் எழுதியவர் எவரோ, அவர் தமிழர்க்கு ஒரு கோப்பைப் பியரை மிச்சப்படுத்திக் கொடுத்தார்.

ஆனால் மேலைநாடுகளில் அந்தக் கோப்பை உவமையோடு நின்றுவிடவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த நிரலர் பால்-ஹென்னிங் காம்ப் தம் நிரல்களுக்குப் 'பியர்வேர்' என்று ஓர் உரிமத்தையே வைத்தார். இதை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், என்றேனும் நேரில் சந்தித்து இது தகும் என்று தோன்றினால் எனக்கு ஒரு பியர் வாங்கித் தாருங்கள் என்பதுதான் உரிமத்தின் சாரம். 2004இல் கோபன்ஹேகன் தகவல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களும் சூப்பர்பிளெக்ஸ் என்னும் கலைஞர் குழுவும் சேர்ந்து ஒரு பியரைக் காய்ச்சி, அதன் செய்முறையைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டனர். யாரும் காய்ச்சலாம், மாற்றலாம், விற்கலாம்; மாற்றிய செய்முறையை அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவே. 'நம் பியர்' என்பது அதன் டேனியப் பெயரின் பொருள். ஸ்டால்மன் விலக்கிய உவமைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்ட குறும்பு அது.

இந்தப் பியர் மரபின் மிக அழகிய கிளையாக நாங்கள் கருதுவது 'லினக்ஸ் பியர் வாண்டருங்' என்னும் கூடுகை. முதல் கூடுகை 1999ஆம் ஆண்டுக் கோடையில், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், பிராங்கோனிய ஸ்விட்சர்லாந்து என்று வழங்கும் குன்றுநாட்டில், பொட்டன்ஸ்டைன் என்னும் சிற்றூரில் நடந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஏரி மாவட்டம், அதற்கடுத்து பெல்ஜியம், அயர்லாந்து என்று ஊர் மாறிக்கொண்டே போயிற்று. பகலில் மலைநடை; இடையே ஒரு பொதுக்கூடத்தில் கணினிகளைக் கம்பியால் இணைத்து வைத்துக்கொண்டு நிரலெழுதுதல், ஒருவர்க்கொருவர் வகுப்பெடுத்தல்; மாலையில் அவ்வூர்ப் பியர். நிறுவனமோ மேலாளரோ அதை நடத்தவில்லை. மின்னஞ்சலில் மட்டுமே அறிந்த ஒருவரோடு மேட்டில் மூச்சிரைக்க நடக்கும்போது, அவருடைய வழுநீக்கக் குறிப்புகளில் தெரியாத ஒரு மனிதர் தென்படுகிறார் என்பதை அறிந்தவர்கள் கூட்டிய கூட்டம் அது.

தமிழ்நாட்டில் லினக்ஸ் ஆர்வலர்கள் கூடுவதற்கும் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. சென்னை லினக்ஸ் பயனர் குழு பல்லாண்டுகள் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடியிருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு குழு, புதுச்சேரியில் ஓர் இயக்கம், விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்க்கு வார இறுதிகளில் கட்டணமின்றிக் கணினி கற்பித்துவரும் க்னூ/லினக்ஸ் பயனர் குழு என்று அது பரவியது. 2012இல் 'கணியம்' மின்னிதழ் தொடங்கியபின், தமிழில் மட்டுமே படிக்கும் ஒருவரும் இவ்வுலகத்திற்குள் நுழைய ஒரு வாசல் கிடைத்தது. நாங்கள் கண்ட இக்கூட்டங்கள் எல்லாவற்றிலும் ஓடிய எரிபொருள் தேநீரும் மசால்வடையும்தான். பியர் உவமையாக வரும். கோப்பையாக வந்து நாங்கள் பார்த்ததில்லை.

நிற்க. எங்கள் சிறு குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுவர். சென்னை, பெங்களூர், சேலம், கள்ளக்குறிச்சி என்று சிதறிக் கிடப்பவர்கள். ஐவர் ஆண்கள், இருவர் பெண்கள். நூல்களை மெய்ப்புப் பார்த்து விக்கிமூலத்தில் ஏற்றுவது, மென்பொருள்களின் பட்டியல்களைத் தமிழாக்குவது ஆகிய இரண்டும் எங்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன. 2024ஆம் ஆண்டின் இறுதியில், பெங்களூர் நண்பர் ஜெர்மானியர்களின் அந்த மலைநடையை நாமும் நடத்திப் பார்த்தால் என்ன என்று கேட்டார். எல்லோர்க்கும் நடுவில் எந்த மலை என்று வரைபடத்தைப் பார்த்ததில் விரல் கல்வராயன் மலைமேல் விழுந்தது. ஏற்காடு போல் கூட்டமில்லை, செலவும் குறைவு. நடையைக் கள்ளக்குறிச்சியில் தொடங்கி வெள்ளிமலையில் முடிக்கலாம், பியரை ஊரிலேயே வாங்கிக்கொண்டு ஏறலாம் என்று அவர் திட்டமும் வகுத்துவிட்டார்.

கள்ளக்குறிச்சி நண்பர் இரண்டு நாள் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் ஒரே வரி வந்தது: "மலைக்கு வருகிறேன்; எங்கள் ஊரில் புட்டி வாங்கிக்கொண்டு ஏறுவதென்றால் நான் வரவில்லை."

காரணத்தை அவர் எழுதவில்லை, எழுதவும் வேண்டியிருக்கவில்லை. 2024 ஜூன் 18ஆம் நாள் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விற்ற பாக்கெட் சாராயத்தைக் குடித்தவர்கள் மறுநாளிலிருந்து சாகத் தொடங்கினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 65க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதலில் இறந்தவரின் சாவுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அந்நாளைய செய்திகள் கூறின. முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் நடந்ததுதான். எண்ணிக்கை மட்டும் பெருகியிருந்தது. நண்பர் வீட்டுக்குத் தென்னை ஏற வரும் ஒருவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பார்வை போய்விட்டது. மரமேறிக்குக் கண் போவதென்றால் என்ன என்பதை நண்பர் பின்னர் மலையில் எங்களுக்குச் சொன்னார். உயரத்தை இப்போதும் கைகள் அறியும், குலை முற்றியதா என்பதைத்தான் கைகளால் அறிய முடியவில்லை என்று அவர் சொன்னாராம்.

அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். வண்ணப்பூச்சு, பசை, கரைப்பான் செய்யும் ஆலைகளுக்குரிய பொருள். நிறமற்றது, நாக்கும் மூக்கும் எளிதில் வேறுபடுத்த முடியாதபடி எத்தனாலை ஒத்தது. உடலுக்குள் போனபின் கல்லீரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும் பின்பு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அவ்வமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. குடித்த சில மணி நேரத்துக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் அதன் கொடூரம். இதில் இன்னொரு முரணும் உண்டு. மெத்தனால் நஞ்சுக்கு மருத்துவர்கள் தரும் மாற்றுகளில் ஒன்று நல்ல எத்தனாலே. கல்லீரலின் நொதி எத்தனாலை முதலில் பற்றிக்கொள்வதால், மெத்தனால் நஞ்சாக மாற நேரம் கிடைக்காமல் மெல்ல வெளியேறுகிறது. உண்மையான மது உள்ளே இருந்திருந்தால் அது மருந்தாயிருக்கும்.

அந்தப் பாக்கெட்டை வாங்கியவர்க்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. எழுத்தில்லை, முத்திரையில்லை. விற்றவருக்கே முழுதும் தெரிந்திருக்குமா என்பதும் ஐயம். அவருக்கு விற்றவர் யார், அவருக்கு விற்றவர் யார் என்று போகும் அந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் மற்றதிடம் மூலத்தை மறைத்தே பிழைத்தது. மூலத்தைக் காட்டு என்று கேட்பதையே ஓர் இயக்கமாக வைத்திருக்கும் எங்களைப் போன்றோர்க்கு இது உவமையாகத் தோன்றுவது இயல்பு. தோன்றியதும் கூச்சமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஓர் ஊரின் சாவு எங்கள் வாதத்துக்கு எடுத்துக்காட்டாவதற்காக நிகழவில்லை. ஆயினும் அறுபத்தைந்து பேர் செத்தது குடித்ததால் மட்டுமா, குடிப்பது இன்னதென்று அறிய முடியாமையால் அல்லவா என்ற கேள்வியைத் தள்ளிவிடவும் முடியவில்லை. 1516இல் பவேரியக் கோமகன் பியருக்குள் வாற்கோதுமையும் ஹாப்ஸும் நீரும் தவிர வேறெதுவும் போகக்கூடாது என்று ஆணையிட்டான். நொதியத்தை அவன் குறிப்பிடவில்லை, அது என்ன செய்கிறது என்பது அன்று எவர்க்கும் தெரியாது. மூன்று சொற்களில் ஒரு செய்முறை; ஐந்நூறு ஆண்டுகளாக அந்நாட்டுக் கூலிக்காரனும் தன் கோப்பையில் இருப்பதை அறிவான். பொட்டன்ஸ்டைனில் கூடிய நிரலர்கள் எந்த அச்சமுமின்றிக் கோப்பையை உயர்த்தியதன் பின்னால் அந்த ஆணையும் நிற்கிறது.

நம்மூரில் அறிந்து குடிக்கும் வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனை முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2023-24இல் அதன்வழி அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கருணாபுரத்துப் பாக்கெட்டின் விலையோ ஒரு குவார்ட்டர் விலையில் பாதியைத் தொடவில்லை. நாங்கள் வாங்க எண்ணிய பியரும் அக்கடையிலிருந்துதான் வரவேண்டும். முத்திரை குத்திய புட்டியை எங்கள் பையில் வைத்துக்கொண்டு, முத்திரையில்லாததைக் குடித்துச் செத்தவர்களின் தெருவைக் கடந்து மலையேறுவது என்பதைத்தான் நண்பரால் ஏற்க முடியவில்லை. மதுவிலக்குக் கொள்கை பேசுகிறவர் அல்லர் அவர். பெங்களூரில் எங்களோடு அமர்ந்து குடித்தவர்தாம்.

பெங்களூர் நண்பர் விடவில்லை. பியரை விலக்கினால் பழியை மலையின் தலையிலும் குடிப்பவன் தலையிலும் போடுவதாகாதா என்று அவர் கேட்டது பொருளற்ற கேள்வி அன்று. கல்வராயன் மலை என்றாலே ஊறல், சோதனை, சாராயம் என்றுதான் செய்தித்தாள்கள் நமக்குச் சொல்லிவந்துள்ளன. வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சியது உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் 2024இல் கொன்றது மலையில் ஊறியதன்று, ஆலைக் கரைப்பான். அப்படியிருந்தும் முதல் வாரத்திலேயே காவல்துறை மலையேறியது. மலையின் பெயர் மறுபடியும் தலைப்புகளில் ஏறியது. இம்மலையின் பெரும்பான்மை மக்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டா. தமிழ் பேசுவோர், முன்னோர் காஞ்சியிலிருந்து வந்ததாகக் கதை சொல்வோர். நாடு விடுதலை பெற்றபின்னும் நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. அந்த ஆட்சி ஓய்ந்தது 1970களின் நடுவில், நெருக்கடிநிலைக் காலத்தில்தான். சாராயச் சாவுகளை ஒட்டி 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இம்மக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்து, சாலை, மருத்துவம், பள்ளி பற்றி அரசிடம் கேள்வி கேட்டது. மலைக்கு நீதி கேட்க அறுபத்தைந்து பிணங்கள் வேண்டியிருந்தன.

மின்னஞ்சல்கள் நாற்பதைத் தாண்டின. இறுதியில் முடிவை எழுதியவர் எங்கள் குழுவின் சேலத்துத் தோழி. அவர் சொன்ன காரணம் கருணாபுரத்தைப் பற்றியதே அன்று. "எந்தக் கூடுகையிலும் மாலையில் கோப்பைகள் வந்ததும் நாங்கள் இருவரும் கிளம்பிவிடுகிறோம். உருப்படியான முடிவுகள் எல்லாம் நாங்கள் போனபிறகுதான் எடுக்கப்படுகின்றன என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார். நாங்கள் கவனித்ததில்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்கக்கூடாது. ஆனால் கட்டற்ற மென்பொருளுக்கு இங்கே வருவோரில் பலர் பதினெட்டு, பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவர்கள். ஜெர்மானியர்களுக்குப் பொதுவிடமாக இருந்த மதுக்கூடம் நமக்குப் பொதுவிடம் ஆகாது. பெங்களூர் நண்பர் நான்கு மணி நேரம் கழித்து, "சரி, நடை மட்டும்" என்று எழுதினார். கூடுகைக்குப் 'பியர் நடை' என்ற பெயர் மட்டும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

2025 சனவரியில் ஒரு சனிக்கிழமை விடியலில் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் சேர்ந்தோம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகரானபோதும், கரும்பு லாரிகளும் உரக்கடைகளும் நிறைந்த பழைய வட்டத் தலைநகரின் முகம் அதற்கு இன்னும் மாறவில்லை. கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டியதும் பேருந்து வளைவுகளில் ஏறத் தொடங்கிற்று. அடிவாரச் சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார். ஏழு மடிக்கணினிகள், ஒரு சுருள் இணைப்புக் கம்பி, உள்ளங்கையளவுள்ள ஒரு ராஸ்பெரி பை. "வெல்லம் எதுவும் இல்லையே?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று எண்ணினோம். பக்கத்தில் இறக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு மூட்டையைப் பார்த்தபின் அந்த எண்ணம் போய்விட்டது. பொங்கலுக்கு வெல்லம் கொண்டுபோகிறவரும் விளக்கம் சொல்லியே ஏறவேண்டிய மலை அது.

கரியாலூரில் இறங்கி நடந்தோம். மழை ஓய்ந்த சனவரியில் கல்வராயன் பசுமை கண்ணைப் பறிப்பதன்று; கண்ணுக்கு இதமானது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி உயரத்தால் மிரட்டுவதில்லை. மரவள்ளிக் கொல்லைகள், அறுவடையான சாமைக் கொல்லையின் தாள்கள், நடுவே பாறை, பாறையருகே ஓர் ஓடை என்று மெல்ல மெல்ல ஏறுகிறது. பெரியார் நீர்வீழ்ச்சியில் தண்ணீர் குறைந்திருந்தாலும் காலை நனைக்கப் போதுமாயிருந்தது. அருவிக்கரையின் பாறையிடுக்குகளில் உடைந்த பியர்ப் புட்டிகள் கிடந்தன. சமவெளியிலிருந்து வண்டியில் வருவோர் போட்டுவிட்டுப் போவது. கடந்த கோடையில் தன் தம்பியின் குதிங்காலில் ஆறு தையல் போடவேண்டி வந்ததென்று ஆடு ஓட்டிவந்த ஒரு சிறுமி சொன்னாள். எங்களில் இருவர் பையை இறக்கிவைத்துவிட்டுச் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். பெங்களூர் நண்பர் அவர்களுள் ஒருவர். ஒரு சாக்கு நிறையச் சேர்ந்தது. மலையில் அதைப் போட இடமில்லை. இரண்டு நாளும் முறைவைத்துச் சுமந்து கள்ளக்குறிச்சிக்கே கொண்டுவந்தோம். ஆக, புட்டியில்லாமல் ஏறிய நாங்கள் புட்டிகளோடுதான் இறங்கினோம்.

வெள்ளிமலையை நோக்கி நடக்கும்போது கிழக்கே ஓரிடத்தில் வெளி திறந்து சமவெளி தெரிந்தது. அத்திசையில்தான் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர், மலையமான் திருமுடிக்காரியின் ஊர், இருக்கிறது. இன்று அதுவும் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்குள் அடக்கம். புறநானூற்றின் 123ஆம் பாட்டு அங்கே நின்றபோது சென்னைத் தோழிக்கு நினைவுக்கு வந்தது. காரியைக் கபிலர் பாடியது. காலையிலேயே கள்ளருந்தி மகிழ்ந்து அவையில் வீற்றிருக்கும்போது தேரைத் தூக்கிக் கொடுப்பது யார்க்கும் எளிது. மலையன் குடியாமல், தெளிந்த நிலையில் கொடுத்த தேர்களோ முள்ளூர் மலைமேல் விழுந்த மழைத்துளியினும் பல என்பது அதன் கருத்து. புலவர்கள் கள்ளை வெறுத்தவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதியமான் இறந்தபோது, சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவானே என்று அழுத ஔவையும் அதே தொகையில்தான் இருக்கிறார். கபிலர் கள்ளைக் குறைசொல்லவில்லை; கொடையை எடைபோடுகிறார். போதையின் மகிழ்ச்சியில் வரும் கொடை எத்தனை பெரிதாயினும் அதில் கொடுப்பவனின் பங்கு குறைவு என்று கணக்குப் பார்க்கிறார்.

பெங்களூர் நண்பர் சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "பியர்வேர் உரிமத்தைக் கபிலர் ஏற்றிருக்கமாட்டார்" என்றார். பாதி வழி அதையே பேசிக்கொண்டு போனோம். ஊதியமின்றி நிரலைப் பொதுவில் வைக்கிறவனை உந்துவது எது? புகழா, நட்பா, நள்ளிரவின் ஒருவகை மயக்கமா? மயக்கத்தில் கொடுப்பது எளிது. மறுநாள் காலையில் வரும் வழுக்குறிப்புகளுக்கும் நன்றியற்ற கேள்விகளுக்கும் பத்தாண்டு மறுமொழி எழுதுவதுதான் கடினம். உலகின் கணினிகள் பல, எங்கோ ஓர் ஊரில் தனியாளாக அமர்ந்து பராமரிக்கும் ஒருவரின் நிரலை நம்பி ஓடுகின்றன என்பதை இத்துறையினர் அறிவர். அவர்க்குப் பியர் வாங்கித்தர ஆளில்லை. தெளிந்த நிலையில் தேர் கொடுப்பவர் அவர்.

இரவு வெள்ளிமலையருகே ஒரு வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலுமாகத் தங்கினோம். கள்ளக்குறிச்சி நண்பரின் தந்தைக்குத் தெரிந்த குடும்பம். கைபேசிச் சமிக்ஞை வந்துவந்து போயிற்று. ஆயினும் வேலை தடைபடவில்லை. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் மென்பொருள் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றையும் வைத்திருக்கும். இணையம் கிடைக்கும்போது ஒப்புக்கொடுத்தால் போதும். ஒரு நிரல்தொகுப்பை எடுத்து வேறு வழியில் வளர்ப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் கவர்முள்ளின் பெயருக்குத் தமிழில் என்ன வைப்பது என்று நெடுநாளாக எங்களுக்குள் பூசல். 'பிரிவு' என்றால் சண்டை போலிருக்கிறது. 'கிளை' வேறொன்றுக்குப் போய்விட்டது. கள்ளக்குறிச்சி நண்பர் முற்றத்து வேலியில் சாய்த்திருந்த தொரட்டியையும் அதன் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்த ஒரு கோலையும் மாறிமாறிப் பார்த்தார். "கவை" என்றார். ஒரே அடியிலிருந்து இரண்டாகப் பிரிந்து, இரண்டும் உயிரோடு வளர்வது. அன்றிரவே அகரமுதலியில் ஏற்றினோம். இதுவரை எவரும் எதிர்த்து எழுதவில்லை.

அவ்வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பு. ராஸ்பெரி பையில் கிவிக்ஸ் மென்பொருளின் துணையால் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கிக் கொண்டுபோயிருந்தோம்; 1,50,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள், இணையமின்றியே படிக்கலாம். அவன் முதலில் தேடியது தன் மலையின் பெயரை. கட்டுரையைப் பொறுமையாகப் படித்தான். "எங்க ஊர் அருவி பேரு இதுல இல்லையே சார், நாமளே எழுதலாமா?" என்று கேட்டான். எழுதலாம் என்றோம். "யாரு அனுமதி குடுப்பாங்க?" என்றான். எவரும் கொடுக்க வேண்டியதில்லை என்பதை அவனுக்கு விளங்கவைக்க அரைமணி நேரம் பிடித்தது. அருவிக்குப் போகும் வழி, மழைக்காலத்தில் எந்த மாதம் வரை தண்ணீர் இருக்கும், எந்தப் பாறை வழுக்கும் என்று நான்கு பத்தி சொன்னான். தோழிகள் இருவரும் அவனோடு அமர்ந்து எழுதினார்கள். சான்று கேட்டு நீக்கிவிடுவார்களோ என்ற அச்சம் எங்களுக்கு இருந்தது; அவனிடம் சொல்லவில்லை. ராஸ்பெரி பையை அங்கேயே விட்டுவந்தோம்.

மறுநாள் காலை அவன் தாயார் சாமைக் கஞ்சியும் வேகவைத்த மரவள்ளியும், இடித்த மிளகாய்த் துவையலும் கொடுத்தார். கஞ்சியின் சுவையில் பெங்களூர் நண்பர் சொக்கிப்போனார். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு செய்முறை கேட்டார். "இதுல என்னாங்க இருக்குது" என்று சிரித்துவிட்டு அந்த அம்மாள் சொல்லத் தொடங்கினார். சாமையை எத்தனை முறை புடைக்க வேண்டும், குத்தும்போது தவிடு எவ்வளவு நிற்க வேண்டும், தண்ணீர் ஒன்றுக்கு எத்தனை, இரவே ஆக்கி வைத்துக் காலையில் எதைச் சேர்த்துக் கரைப்பது என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். பூண்டு போடலாமா என்று கேட்டதற்கு, "போடுங்க, உங்க வாய்க்கு எது ஒத்துக்குதோ அது" என்றார். நண்பர் அத்தனையையும் தட்டச்சு செய்து, கோபன்ஹேகன் மாணவர்கள் பியருக்கு இட்ட அதே உரிமத்தை அடியில் இட்டார். அவ்வுரிமத்தில் ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். "யார் பேர் போடறதுங்கம்மா?" என்று கேட்டார்.

"பேரு எதுக்குங்க? எங்க மாமியா சொல்லிக்குடுத்தாங்க. அவங்களுக்கு அவங்க மாமியா" என்றார் அவர்.

பெயரிடாவிட்டால் உரிமம் செல்லாது என்பது ஒரு கட்சி. பொதுவுடைமை என்று அறிவித்துவிடலாம் என்பது மறு கட்சி. மாமியார்களின் பெயர்களைக் கேட்டு வரிசையாக எழுதலாமே என்றார் சேலத்துத் தோழி. சில்லுச் சாக்கைத் தோள்மாற்றிக்கொண்டு கரியாலூர்ப் பேருந்து நிறுத்தம் வரை வாதிட்டோம். கோப்பு இன்னும் வரைவாகவே கிடக்கிறது.